கேளுங்கள், பேசுவோம்: புதிதாக வந்தவரும் நாமும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பல பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். ஊருக்கும் சபைக்கும் புதிதாக வருகிறவர்களை எப்படி நடத்துவது என்று சிலர் கேட்கிறீர்கள், தங்களை இப்படி நடத்திவிட்டார்களே என்று சிலர் வருத்தப்படுகிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயரும் போடவில்லை.

எங்கள் ஆலய வாசலில் வரவேற்புக் குழு நிற்கிறது. கைகொடுத்து, ஸ்தோத்திரம் சொல்லி, அறிவிப்பு நேரத்தில் புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டவும் செய்கிறோம். ஆனாலும் இரண்டு மூன்று வாரம் வருகிறவர்கள் அப்புறம் வருவதில்லை. என்ன குறை?
— சபைக் கமிட்டி உறுப்பினர், காட்பாடி

ஐயா, வரும் ஞாயிறு ஒன்று செய்யுங்கள். ஆசீர்வாதம் கூறி ஆராதனை முடிந்ததும் அவசரமாகக் கிளம்பாமல் ஓரமாக நின்று பாருங்கள். சொந்தக்காரர்கள் சொந்தக்காரர்களோடு, பாடகர் குழு பாடகர் குழுவோடு, கமிட்டிக்காரர்கள் கமிட்டிக்காரர்களோடு நிற்பார்கள். புதிதாக வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு, யாராவது பேசுவார்களா என்று கொஞ்சம் தயங்கி, கைபேசியைப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டுப் போய்விடுவார். வாசலில் கைகொடுத்தவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று பாருங்கள். குறை அங்கேதான்.

எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவதையும் நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது தண்டனை. உடம்பு சரியில்லாமல் வந்தவர், வீட்டில் பிரச்சினை என்று வந்தவர், வெறுமனே பின்பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போக வந்தவர் எல்லாரையும் அத்தனை பேர் முன்னால் நிறுத்துகிறோம்.

ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை உங்கள் வரவேற்புக் குழு சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை படிக்கட்டும். மோவாபிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குப் போவாஸ் என்னவெல்லாம் செய்கிறார் பாருங்கள். வேறு வயலுக்குப் போக வேண்டாம், என் வேலைக்காரப் பெண்களோடே இரு என்கிறார். தாகம் எடுத்தால் தண்ணீர்க்குடம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறார். உன்னை யாரும் தொடக்கூடாது என்று ஆட்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்கிறார். சாப்பாட்டு வேளையில் கூடவே உட்கார வைக்கிறார். அவள் காதில் விழாமல் ஆட்களைத் தனியே கூப்பிட்டு, அரிக்கட்டுகளிலிருந்து கொஞ்சம் வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். கடைசியாகச் சொன்னது அவளுக்குத் தெரியவே தெரியாது. வரவேற்பு என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

நம் ஆலயத்திலும் இதே மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான். கழிவறை எங்கே, குழந்தைக்கு ஓய்வுநாள் பள்ளி எந்த அறையில், இப்போது பாடுவது பாமாலையா கீர்த்தனையா, எத்தனையாவது பாட்டு, எப்போது எழுந்து நிற்பது, திருவிருந்துக்கு எந்தப் பக்கமாக வரிசை போகிறது. ஒரு புது ஆளுக்கு இதையெல்லாம் பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொன்னாலே பாதி பயம் போய்விடும். குழு வாசலில் நிற்பதைவிட ஒவ்வொரு பெஞ்சு வரிசையிலும் ஒருவர் இதற்கென்று இருப்பது நல்லது. அப்புறம், வந்தவருக்கு ஒரு குடும்பம் என்று பொறுப்புக் கொடுங்கள். அந்தக் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாதம் போடட்டும், விசேஷமாக எதுவும் சமைக்க வேண்டியதில்லை.

முன்பு விசுவாசிகளைத் துன்பப்படுத்திவந்த சவுலைப் பார்த்து எருசலேம் சபை பயந்தபோது, பர்னபா அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் கூட்டிப்போய், இவர் இப்படிப்பட்டவர் என்று எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 9). ஒரே ஒரு ஆள் பொறுப்பேற்றார், அவ்வளவுதான். உங்கள் சபையில் பர்னபா யார் என்று முதலில் தேடுங்கள்.

கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தேன். எங்கள் சபையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி "சொந்த ஊர் எது", அடுத்தது "அங்கே எந்தத் தெரு", அதற்கு அடுத்தது "தாத்தா என்ன வேலை செய்தார்". எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பதில் சொன்ன பிறகு சிலர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். இதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடலாமா?
— ஒரு சகோதரி, குடியாத்தம்

விடக்கூடாது, சகோதரி. நீங்கள் சொல்வது என்ன என்று இதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் புரியும். ஊர் கேட்பது தப்பில்லை, பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆனால் தெருவையும் தாத்தாவையும் தேடிப் போகிற கேள்வி சாதியைத் தேடிப் போகிறது. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அதை மடியில் கட்டிக்கொண்டு ஆலயத்துக்குள் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நம் திருச்சபையின் பெரிய பாவம், இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை.

கொரிந்து சபையில் வசதியானவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு விட்டார்கள். பவுல் அதைச் சாதாரணக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று அடித்துச் சொல்கிறார், தேவனுடைய சபையை அசட்டை பண்ணுகிறீர்களா என்று கேட்கிறார். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு வெளியே வந்து தெருவைக் கேட்கிறவர்கள் 1 கொரிந்தியர் பதினோராம் அதிகாரத்தை முழுசாகப் படிக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது, உங்கள் ஆயரிடம் நேராகப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கூடவே கணவரும் வரட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உங்களோடு நன்றாகப் பேசுகிற ஒருவர் இருப்பார், அவரிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது தெருவைக் கேட்டால், "எதுக்குக் கேக்கிறீங்க அக்கா?" என்று அமைதியாகத் திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகளை வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பெரும்பாலும் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், சில சமயம் பங்களாதேஷ். கடுகு எண்ணெய் வாசனை, மீன் வாசனை என்று அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். "ஊரே வெளியாளுங்க கையிலே போயிடுச்சு" என்கிறார்கள். நான் விசுவாசி, இவர்களை எப்படி நடத்த வேண்டும்?
— ஒரு அம்மா, தோட்டப்பாளையம், வேலூர்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று பேரிடம் படித்துக் காட்டினேன், அவ்வளவு பிடித்திருந்தது. வாடகை வாங்கினோமா சாவி கொடுத்தோமா என்று இருக்கலாம், ஆனால் நீங்கள் இப்படி ஒரு கேள்வி கேட்கிறீர்கள்.

முதலில் அக்கம்பக்கத்துக்காரர்களின் பேச்சு. இந்த ஊரை வெளியாட்கள் கெடுத்துவிட்டார்கள் என்பவர்கள், இந்த ஊரை இப்படி ஆக்கியது யார் என்று யோசிக்க வேண்டும். மருத்துவ மிஷனரி ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில்தான் பிறந்தார், ஆனால் குடும்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூன்று பேருடைய மனைவிமாரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள், ஆண் வைத்தியரைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள், வைத்தியம் படிக்காத ஐடாவால் போகவும் முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துவர வைத்தது. திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைக்கு இத்தனை மாநிலத்து மக்கள் தேடி வருகிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. கதவைத் தட்டிய அந்த மூன்று பேரும் ஐடாவின் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை.

லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, ஆட்டோ என்று வருகிறவர்களை நம்பித்தான் ஊரில் எத்தனையோ குடும்பம் நடக்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் அதைக் காரணமாகக் காட்டாதீர்கள். லாபம் இருப்பதால் வரவேற்கிறோம் என்றால் லாபம் இல்லாதவரை என்ன செய்வது? வேலூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் வைத்தியம் முடிந்ததும் போய்விடுவார்கள். நம் சபையில் சேர மாட்டார்கள், காணிக்கை போட மாட்டார்கள், திரும்ப நம்மைப் பார்க்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்குச் செய்கிற அன்பைத்தான் மத்தேயு 25 எண்ணிக் காட்டுகிறது: "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்." அந்த வசனத்தில் சேர்த்துக்கொண்டவர்களுக்கே தாங்கள் யாரைச் சேர்த்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். சமைக்கட்டும். நோயாளிக்கு வாய் கசந்திருக்கும்போது தன் வீட்டுச் சாப்பாடுதான் இறங்கும், நம் புளிக்குழம்பும் சாம்பாரும் அவர்களுக்கு நாக்கில் ஒட்டாது. மாடிச் சமையலறையில் புகை வெளியே போக ஒரு மின்விசிறி மாட்டிவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாவின் கோபத்தில் பாதி குறையும், மீதிப் பாதிக்கு நீங்களே போய்ப் பேசிப் பாருங்கள். காய்கறி எங்கே மலிவு, மீன் எங்கே கிடைக்கும், ஆட்டோவுக்கு நியாயமான வாடகை எவ்வளவு என்று ஒரு தாளில் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டிவையுங்கள். எழுதித்தர உங்கள் வீட்டில் தங்கினவர்களே உதவுவார்கள். ரயில் டிக்கெட் கிடைக்காமல் கூட நாலு நாள் தங்க வேண்டி வரும், அப்போது வாடகையை ஏற்றாதீர்கள். சட்டப்படி செய்ய வேண்டியதையும் விடாதீர்கள்: அடையாள அட்டை நகல் வாங்குங்கள், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். அது அவர்களைச் சந்தேகப்படுவது ஆகாது, நாளைக்கு அவர்களுக்கே பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விட ஒன்றை நினைவில் வையுங்கள். அவர்களில் சிலர் கூட்டிவந்த ஆளைத் திரும்பக் கூட்டிப்போக முடியாமல் போகும். மொழி தெரியாத ஊரில், உறவு யாரும் இல்லாமல், கையில் இருந்த பணமும் தீர்ந்த நிலையில் ஒரு குடும்பம் பிணவறை வாசலில் நிற்பதைவிடத் தனிமை வேறு இல்லை. அப்போது அவர்களுக்குத் தேவைப்படுவது இந்தி பேசத் தெரிந்த ஒரு ஆள். கூடவே போய், கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைப் படித்துச் சொல்லி, ஆம்புலன்ஸ் பேசி, ஊருக்கு அழைத்துச் சொல்ல ஒரு கைபேசியைச் சார்ஜ் போட்டுக் கொடுத்து, குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்துக் குடும்பம் இங்கேயே தகனம் செய்வது என்று முடிவெடுத்தால் அதற்கு வழி காட்டுங்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாத்தாரிடம் சொல்லுங்கள், அவர்கள் முன்னின்று பார்த்துக்கொள்வார்கள். அவரவர் முறைப்படி அவரவர் அனுப்பிவைக்கட்டும், நாம் கூட நிற்போம். உங்கள் தெருவில் உள்ள சபைக் குடும்பங்கள் நாலு சேர்ந்து இதற்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், இந்தி தெரிந்தவர் யார், ரத்தம் கொடுக்கக்கூடிய பிள்ளைகள் யார், வண்டி வைத்திருப்பவர் யார் என்று, அதுவே பெரிய ஊழியம்.

வைத்தியத்துக்கு வந்து தங்குகிற பிற மதத்தினருக்குச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா?
— ஒரு வாலிபர், சத்துவாச்சாரி

தம்பி, நல்ல சமாரியன் காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான், கிளம்பிவிட்டான். அடிபட்டவனிடம் அவன் பிரசங்கம் செய்ததாக லூக்கா எழுதவில்லை. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிறவர் பயத்தில் இருக்கிறார், அவரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவர் கையில் எதையும் திணிக்கக்கூடாது. அவராகவே "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், ஒளிக்காமல், உள்ளதைச் சொல்லு.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு மூப்பர், 2 யோவான் 10ஆம் வசனத்தைக் காட்டி, தெரியாதவர்களை வீட்டில் சேர்க்கவே கூடாது என்கிறார். சரிதானா?
— ஒரு வாசகர், ஆற்காடு

அந்த வசனம் ஊர் ஊராகப் போய், கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்பதை மறுத்துப் போதித்தவர்களைப் பற்றியது. ஏழாம் வசனத்திலிருந்து படித்தால் தெரியும். மூப்பர் அப்படியே ஒரு பக்கம் புரட்டி 3 யோவானையும் படிக்கட்டும். அங்கே காயு என்பவரை, சகோதரருக்கும் அந்நியருக்கும் உண்மையாய்ச் செய்கிறாய் என்று யோவான் மெச்சுகிறார். தியோத்திரேப்பு என்று ஒருவர் இருக்கிறார், வருகிற சகோதரரைத் தானும் சேர்ப்பதில்லை, சேர்க்க மனதாயிருக்கிறவர்களையும் தடுத்துச் சபைக்கு வெளியே தள்ளுகிறார். அவரைப் பற்றி யோவான் எழுதியிருப்பது புகழ்ச்சி இல்லை.

எங்கள் ஊர் தொழிற்சாலைகளுக்கு ஜார்க்கண்ட், ஒடிசா பக்கமிருந்து பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் சிலர் ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்கிறார்கள். ஒரு வார்த்தை புரியாது. பாவமாக இருக்கிறது.
— ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, ராணிப்பேட்டை

டீச்சர், பாவம் பார்ப்பதோடு கொஞ்சம் மரியாதையும் வையுங்கள். ஜெர்மனியிலிருந்து வந்த கோஸ்னர் மிஷனரிகள் ஜார்க்கண்டின் ராஞ்சியில் 1845இல் ஊழியம் தொடங்கினார்கள். நம் ஆற்காடு மிஷன் அதற்குப் பிறகு, 1853இல்தான் வந்தது. ஆதிவாசிச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நம்மிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

வாசிக்கும் வேத பாகங்களை முந்தின நாளே அவர்கள் கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள், இந்தி வேதாகமத்தில் எடுத்துவைத்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறையாவது ஒரு பாகத்தை அவர்களில் ஒருவரே இந்தியில் வாசிக்கட்டும். பாமாலையில் இருக்கிற பழைய மெட்டுகள் பல அவர்கள் பாட்டுப் புத்தகத்திலும் இருக்கும். அந்த மாதிரி ஒரு பாட்டு வரும்போது அவர்களை அவர்கள் மொழியிலேயே சத்தமாகப் பாடச் சொல்லுங்கள், நாம் தமிழில் பாடுவோம், காதுக்கு ஒன்றும் ஆகிவிடாது! கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காமல் அறையில் கிடக்கிற பிள்ளைகளை யார் வீட்டுக்கு அழைப்பது என்று டிசம்பர் முதல் வாரத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

எத்தனை வருடம் ஆனால் ஒருவர் "புதியவர்" இல்லை?
— ஒரு தம்பி, மேல்மொணவூர் முகாம்

தம்பி, ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே தமிழ் பேசி, இன்னும் "முகாம்காரங்க" என்று அழைக்கப்படுகிறார்கள். அரசாங்கமே 2021இல் முகாமின் பெயரிலிருந்து அகதி என்பதை எடுத்துவிட்டு மறுவாழ்வு என்று வைத்தது. சபைகள் அதற்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும். "நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே" என்று லேவியராகமம் நினைவுபடுத்தியது, கானானுக்குப் போய்ச் சொந்த வீடு கட்டி உட்காரப்போகிறவர்களுக்குத்தான்.

சபை மூப்பர்களுக்குச் சொல்கிறேன். முகாமிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு அரிசியும் சேலையும் கொடுக்கிறீர்கள், நல்லது. அவர்களில் யாராவது உங்கள் கமிட்டியில் இருக்கிறார்களா? வேதபாடம் வாசிக்கிறார்களா? அவர்கள் வீட்டுக்கு நீங்கள் சாப்பிடப் போனதுண்டா? கொடுக்கிற கை எப்போதும் நம்முடையதாகவே இருந்தால் அவர்கள் எத்தனை வருடம் ஆனாலும் புதியவர்கள்தான். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பை இந்தத் தம்பியிடம் கொடுங்கள்.

நர்ஸிங் படிக்க வந்திருக்கிறேன். ஊர் தூத்துக்குடி பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய் யாரிடமும் பேசாமல் விடுதிக்குத் திரும்புகிறேன். வீட்டுக்குச் சொன்னால் அம்மா அழுவார்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு மாணவி, வேலூர்

மகளே, ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்க ஆள் இல்லாத சபை இந்த மாவட்டத்தில் நிறைய. ஆராதனை முடிந்ததும் நேராக ஆயரிடமோ ஆயரம்மாவிடமோ போய், "எனக்கு ஞாயிறு காலை நேரம் இருக்கு, பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டுப்பார். பிள்ளைகளோடு பழகிவிட்டால் அவர்களின் அம்மாக்கள் உன்னைச் சும்மா விட மாட்டார்கள். அதுவரை காத்திருக்க முடியவில்லை என்றால் உன் விடுதி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது. தோட்டப்பாளையத்து அம்மாவைப் போல எழுதுகிற வாசகிகள் இந்தப் பக்கத்துக்கு இன்னும் சிலர் உண்டு. உன் சம்மதத்தோடு அவர்களில் ஒருவரிடம் சொல்கிறேன், அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாடு அங்கே.